அம்மா தனியா இருக்காங்க, கேமரா மாட்டலாமா?

மாம்பலம் மகன்:
அம்மாவுக்கு 77. மேற்கு மாம்பலத்துல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாநகரப் பஸ்ல பெரியவங்களுக்குத் தர்ற 10 டோக்கனையும் மாசம் தவறாம தீர்த்துடுவாங்க. போன வாரம் ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. உள்ள தாழ்ப்பாள். காலையில வேலை செய்யற அக்கா பெல் அடிச்சுப் பார்த்து, எதிர்வீட்டு மாமா ஆள் கூட்டி வந்து ரெண்டு கதவையும் உடைக்கிற வரைக்கும் ஈரத் தரையிலயே கிடந்திருக்காங்க. நல்லவேளை, எலும்பு முறியலை. நான் பெங்களூர்ல இருக்கேன். ஹாலுக்கு ஒரு கேமரா வாங்கிட்டேன். மாட்டினா சித்தி வீட்டுக்குப் போயிடுவேங்கறாங்க.

வேளச்சேரி வாசு:
இதுல கேட்க என்ன இருக்கு? மாட்டுங்க. 2015 வெள்ளத்துல எங்க தெருவுல தனியா இருந்த பெரியவர், முழங்கால் தண்ணியிலயும் ‘நான் பார்த்துக்கறேன்’னுதான் சொன்னார். கடைசியில தூக்கிட்டு வந்தது நாங்க. சுதந்திரம் அம்மாவுக்கு, கதவை உடைக்கற வேலை எதிர்வீட்டுக்காரருக்கா?

மயிலாப்பூர் தாத்தா:
எனக்கு 74, தனிக்கட்டை. என் பையனும் ஹால்ல ஒண்ணு மாட்டினான். ஒரு நாள் மத்தியானம் சிகாகோவிலிருந்து போன்: “அப்பா, ரெண்டாவது ஜாங்கிரி எதுக்கு?” அங்கே நடுராத்திரி! அன்னிக்கே ஈரத் துண்டை அது மேல போட்டேன், இன்னும் அங்கதான் காயுது. அது கிடக்கட்டும், ஹால் கேமராவுல பாத்ரூம்ல விழறது தெரியுமா தம்பி?

வாசு:
உள்ள போனவங்க அரை மணியா வெளிய வரலைங்கறது தெரியும் தாத்தா.

தாத்தா:
ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யார் முழிச்சுப் பார்க்கறது?

பிசியோ பொண்ணு:
வீட்டுக்கு வீடு போய் பிசியோ பண்றவ நான். முதல்ல அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டுங்க. கதவை வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்துங்க. உள்பக்கம் திறக்கற கதவுன்னா விழுந்தவங்க உடம்பே அதை அடைச்சுக்கும். டாய்லெட் பக்கத்துல எடை தாங்கற கைப்பிடி வேணும், டவல் கம்பியைப் பிடிச்சா அதுவும் கூடவே வரும். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்களா? சட்டுனு எழுந்தா தலை சுத்தும், கட்டில்ல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்திருக்கச் சொல்லுங்க. முதியோர் உதவிக்கு 14567 இருக்கு, ஆனா காலை 8லேருந்து ராத்திரி 8 வரைக்கும்தான். ராத்திரி விழுந்தா 108.

வாசு:
போன் தலகாணி பக்கத்துல, அம்மா பாத்ரூம்ல. 108ஐ யார் கூப்பிடுவா?

பிசியோ பொண்ணு:
நியாயமான கேள்வி. சின்ன பட்டன் போனைக் கயிறு கட்டிக் கழுத்துல போட்டுக்கலாம்.

மாம்பலம் மகன்:
தாழ்ப்பாள் கழட்டியாச்சு. வாசு சொன்னது உறுத்திச்சு, அதனால நேர்ல போய் மாமாகிட்ட கேட்டுத்தான் சாவி ஒண்ணு கொடுத்தேன். காலை ஏழு மணிக்குள்ள அம்மா பால் பாக்கெட்டை எடுக்கலைன்னா பெல் அடிப்பார். அவருக்கே 70. கழுத்து போனுக்கு மட்டும் அம்மா மசியலை, ‘மாட்டுக்கு மணி கட்டறியா’ங்கறாங்க. கேமரா பெட்டி பிரிக்காம கிடக்கு, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கறார்.