ஓசாப் என்ற மாணவர் உதவிக் காசுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

யூன் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "அக்கா, மகளுக்கு ஸ்காபரோ கம்பஸ் கிடைச்சிட்டுது. ஓசாப்பும் போட்டாச்சு. இனி என்ன செய்யிறது?" ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைத்தான் சொல்வார்கள். குரலில் சந்தோசமும் பயமும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் கனடாவுக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆன குடும்பங்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்வதை இந்த முறை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஓசாப் என்பது ஒன்ராறியோ மாகாணத்தின் மாணவர் உதவித் திட்டம். குடியுரிமை, நிரந்தர வதிவுரிமை, அல்லது அகதியாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு நிலை, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். படிப்பு விசாவில் வந்த தம்பி தங்கச்சிமாருக்கு இது கிடையாது. அவர்கள் பல்கலைக்கழகம் தரும் புலமைப்பரிசில்களைத்தான் பார்க்க வேண்டும். படிப்புக் காலத்தில் கம்பஸுக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவும் கூடாது. அவர்களுடைய கதை வேறு. இங்கே எழுதுவது ஓசாப்புக்குத் தகுதி உள்ளவர்களுக்கு.

பலர் பிழைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பியதும் திரையில் ஒரு தொகை தெரியும். இவ்வளவு மானியம், இவ்வளவு கடன் என்று. அதைப் பார்த்ததும் காசு கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அது வெறும் கணக்குத்தான். அதற்கும் கைக்கு வரும் காசுக்கும் இடையில் மூன்று கதவுகள் இருக்கின்றன. மூன்றையும் நாங்கள்தான் போய்த் தட்ட வேண்டும்.

என் மூத்தவள் கம்பஸ் சேர்ந்த வருடம் எங்களுக்கு இது தெரியாது. செப்ரெம்பர் முழுக்கக் காசு வரவில்லை. கணவர் கடனட்டையில் ரொக்கமாக எடுத்தார். அந்தக் காசுக்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பது பில் வந்த பிறகுதான் விளங்கியது. மாதக் கடைசியில் ஒரு இரவு மகள் தன் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். தேசிய மாணவர் கடன் சேவை நிலையத்தின் கடிதம் ஐந்து வாரமாக அங்கே கிடந்தது. உள்ளே போய்க் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிட வேலை. அவள் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் கையெழுத்துத்தான் முதல் கதவு. எம்.எஸ்.எஃப்.ஏ.ஏ. என்று சொல்லும் கடன் ஒப்பந்தம். ஒருமுறை போட்டால் அடுத்தடுத்த வருடங்களுக்கும் செல்லும், படிப்பில் இரண்டு வருட இடைவெளி விழாதவரை. இதற்குச் சின் நம்பர் என்ற சமூகக் காப்புறுதி இலக்கமும் வங்கிக் கணக்கும் வேண்டும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். அம்மாவின் கணக்கு இலக்கத்தைக் கொடுத்துவிட்டுத் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

பெயர் விசயத்தில் எங்கள் ஆட்களுக்குத் தனியான ஒரு கரைச்சல் இருக்கிறது. எங்கள் முறையில் தகப்பன் பெயர் முன்னால் வரும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். இங்கே முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரியும் சின் நம்பரில் இன்னொரு மாதிரியும் பதிந்திருக்கும். ஓசாப் விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் சின் பதிவில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சின் நம்பர் 9 என்ற எண்ணில் தொடங்கினால் அது தற்காலிகமானது. அகதிக் கோரிக்கையில் வந்து பிறகு நிரந்தர வதிவுரிமை கிடைத்தவர்கள் மத்திய அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்குப் போய் நிரந்தர இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது கதவு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது: பெற்றோரின் வருமானமும் ஒப்புதலும். உயர்தரப் பள்ளி முடித்து ஆறு வருடம் ஆகாத பிள்ளையைப் பெற்றோரில் தங்கியிருப்பவராகவே கணக்கெடுப்பார்கள். வரிப் பத்திரத்தில் 15000 என்று இலக்கமிட்ட இடத்தில் உள்ள மொத்த வருமானத்தைத்தான் கேட்பார்கள். அதைக் கனடா வருமானவரித் திணைக்களத்தோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். ஆகவே வருமானமே இல்லாத அம்மாவும் வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். ஊரில் வீட்டு வாடகையோ ஓய்வூதியமோ வந்தால் அதையும் காட்ட வேண்டும். அப்பா இன்னும் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்கிறார் என்றால் தாங்களாக ஊகித்து நிரப்பாமல், கம்பஸின் நிதி உதவி அலுவலகத்திடம் முதலில் கேளுங்கள்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் தகப்பன்மார் சம்பளத்தைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. இரவு வேலைக்குப் போய், காலையில் இன்னொரு வேலைக்குப் போய் உழைக்கும் மனிதர்கள், தொகை குறைவாக இருக்கிறதே என்று கூச்சப்படுகிறார்கள். பட்டர் பிஸ்கட் டின்னுக்குள் கடுதாசிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை கேட்டால் "பிறகு தாறன்" என்பார்கள். அந்த "பிறகு" யூலையும் ஓகஸ்டும் தாண்டிப் போகும். அண்ணைமாரே, வருமானம் குறைவு என்றால் உதவிதான் கூடும். அந்தக் கடுதாசியை இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் வருமானம் மிகவும் குறைந்திருந்தால், வேலை போயிருந்தால், மறுபரிசீலனை கேட்கவும் வழி இருக்கிறது. அதற்கும் அந்த நிதி உதவி அலுவலகம்தான்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் "இவர் எங்களிடம் முழுநேரமாகப் படிக்கிறார்" என்று உறுதி செய்வது. பிள்ளை பாடங்களைப் பதிந்திருந்தால்தான் அது நடக்கும். முழுநேரம் என்றால் முழுப் பாடச்சுமையில் 60 சதவீதமாவது எடுக்க வேண்டும், மாற்றுத்திறன் உள்ள மாணவருக்கு 40. நவம்பரில் ஒரு பாடம் கஷ்டமாக இருக்கிறதென்று கைவிட்டு 60க்குக் கீழே போனால் உதவித் தொகையே மாறும். கைவிடுவதற்கு முன் நிதி உதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த மூன்றும் சரியாக நடந்தாலும் காசு வகுப்புத் தொடங்கும் நேரத்தில்தான் அசையும். கல்விக் கட்டணத்தின் முதல் தவணையோ ஓகஸ்டிலேயே கேட்பார்கள். இந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், ஓசாப் கிடைக்கும் என்று கணக்கு வந்த மாணவர், காசு கட்டாமலே பதிவை உறுதிசெய்ய ஏகோர்ன் என்ற மாணவர் தளத்தில் கேட்கலாம். அதை நீங்களாகத்தான் கேட்க வேண்டும். கெடு தாண்டினால் பதிந்த பாடங்களிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வேறு பல்கலைக்கழகம் என்றால் அங்கே இதற்கு என்ன ஏற்பாடு என்று யூலையிலேயே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று. வரும் காசு முதலில் நேரே பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமாகப் போகும். மிச்சம்தான் பிள்ளையின் கணக்குக்கு வரும். முழு வருடக் காசும் ஒரேயடியாக வராது. ஒரு பங்கு தொடக்கத்தில், அடுத்த பங்கு சனவரியில். ஆகவே செப்ரெம்பரில் பஸ், சாப்பாடு, கணினி என்று சின்னச் செலவுகளுக்கு வீட்டில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கலை, அறிவியல் பாடங்களுக்கு உள்ளூர் மாணவரின் வருடக் கட்டணம் பல வருடங்களாக 6,100 டொலரைச் சுற்றியே இருந்தது. அதற்கு மேல் மாணவர் சங்கக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி என்று வேறு சில தொகைகளும் பில்லில் வரும். அந்தக் காப்புறுதித் தொகையைக் கவனியுங்கள். அப்பா அல்லது அம்மாவின் வேலையிடக் காப்புறுதியில் பிள்ளையும் இருந்தால் மாணவர் சங்கக் காப்புறுதியிலிருந்து விலகிக் காசைத் திரும்பப் பெறலாம். செப்ரெம்பருக்குள் செய்ய வேண்டிய வேலை அது. கெடுத் தேதியைச் சங்கத்தின் தளத்தில் பாருங்கள்.

கடன் என்ற சொல்லுக்கே எங்கள் ஆட்கள் நடுங்குவதை நான் அறிவேன். ஊரில் நகையை அடகு வைத்து மீட்க முடியாமல் போன நினைவு எங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் "மகள் முதல் ஒரு வருசம் வேலைக்குப் போகட்டும், பிறகு படிக்கலாம்" என்று இடத்தையே விடச் சொன்ன ஒரு தகப்பனோடு நான் இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்கிறேன். இந்தக் கடன் அப்படியானதல்ல. இதில் ஒரு பங்கு மத்திய அரசுடையது, மற்றது மாகாணத்துடையது. மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே இல்லை. மாகாணப் பங்குக்குப் படிப்பு முடிந்த பிறகு வட்டி உண்டு. திருப்பிக் கட்டத் தொடங்குவது படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து. அப்போது தனியாளின் வருட வருமானம் 40,000 டொலருக்குக் கீழே இருந்தால், உதவி கேட்டு விண்ணப்பித்து, கட்டாமல் இருக்கவும் வழி இருக்கிறது. அதோடு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு 1998 முதல் ஒரு கொள்கை உண்டு: இடம் கிடைத்த எந்த மாணவரும் பணம் இல்லாத காரணத்தால் சேர முடியாமலோ முடிக்க முடியாமலோ போகக் கூடாது. ஓசாப் எடுத்தவர்களுக்கு, தேவை மீதியிருந்தால், யூட்டாப்ஸ் என்ற மானியத்துக்குப் பல்கலைக்கழகமே கணக்குப் பார்க்கும். அது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தயவுசெய்து கிடைத்த இடத்தை விடாதீர்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஆர்.இ.எஸ்.பி. என்ற படிப்புச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து கனடா கற்றல் பத்திரத்தையும் கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு 2,000 டொலர் வரை அரசே போடும், நாங்கள் ஒரு சதமும் போட வேண்டியதில்லை.

இனிக் கம்பஸ் வாழ்க்கை. வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைகளுக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு தோழியும் இல்லாமல் முதல் பருவம் போய்விடும். ஒக்ரோபரில் முதல் பரீட்சைப் புள்ளிகள் வரும். பள்ளிக்கூடத்தில் 90 எடுத்த பிள்ளைக்கு 58 வரும். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும். அம்மாமாரே, அந்த நேரம் புள்ளியைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், பிறகு பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போனாயா என்று கேளுங்கள். பிள்ளைகளே, வாரத்தில் இரண்டு நாளாவது நூலகத்தில் இருந்து படியுங்கள், தமிழ் மாணவர் சங்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பாடப் புத்தகங்களை முதல் வாரத்திலேயே வாங்க வேண்டாம். பல புத்தகங்கள் நூலகத்தில் மணிக்கணக்கில் இரவலாகக் கிடைக்கும்.

ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள், வகுப்புத் தொடங்கும் நேரத்துக்கே வீட்டிலிருந்து புறப்பட்டுக் கம்பஸுக்குப் போய்ப் பாருங்கள். கென்னடி நிலையத்திலிருந்து 905 பஸ் ஸ்காபரோ கம்பஸுக்குப் போகும். மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்தில் இருப்பவர்கள் பயணக் கட்டணம் கட்டும் பிரஸ்ரோ அட்டை ஒன்றையே எல்லா இடமும் தட்டுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஒரு பஸ் சேவையிலிருந்து ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையான ரீ.ரீ.சி.க்கு மாறும்போது, குறித்த நேரத்துக்குள் என்றால், இரண்டாவது முறை காசு பிடிக்காது. நான் மகளோடு போன அன்று இரண்டு பஸ் மாறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. காலை ஒன்பது மணி வகுப்பை அன்றைக்கே பதினொன்றுக்கு மாற்றினாள். போகும்போது நிரந்தர வதிவிட அட்டையையும் கொண்டு போங்கள், மாணவர் அட்டை எடுக்க அது வேண்டும். செப்ரெம்பர் முதல் வாரத்தில் போனால் அந்த வரிசையிலேயே அரை நாள் போய்விடும்.