ரீட் ஃபங்ஷன்ல இன்டரப்டையும் (ஹார்ட்வேர் சிபியுவைக் கூப்பிடுற அழைப்பு) அடைக்கணுமா, ஸ்பின்_லாக் மட்டும் போதுமா?

தோவாளைப்பூ:
முப்பந்தல் காற்றாலைப் பதிவுப்பெட்டி. 16550 சீரியல் போர்ட், 115200 பாட், லினக்ஸ், சொந்த டிரைவர். தரவு நெரியும்போது பைட் விழுது, ஓவர்ரன் (சிப் நிரம்பி பைட் தொலையிறது) எண்ணிக்கை ஏறுது. ரீட்ல ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (பூட்டோட இன்டரப்டையும் அடைக்கும்), உள்ளே காப்பி_டு_யூசர் (யூசர் நிரலுக்குத் தரவை நகலெடுக்கிறது), ஒரு பிரிண்ட்கே (கெர்னல் லாக் வரி), பிறகு அன்லாக். வெறும் ஸ்பின்_லாக் (கிடைக்கிறவரை சுத்திட்டே காத்திருக்கிற பூட்டு) ஆக்கினா சரியாகுமா?

பார்வதிபுரம்_பாலம்:
பெட்டியே நின்னுரும் மக்கா. ரீட் பூட்டைப் பிடிச்சிருக்கும்போது அதே கோர்ல இன்டரப்ட் வந்தா, அதைக் கவனிக்கிற ஹேண்ட்லர் ஃபங்ஷன் அதே பூட்டுக்குச் சுத்திட்டே கிடக்கும். ஹேண்ட்லர் முடியாம ரீட் ஓடாது, ரீட் ஓடாம பூட்டு அவிழாது. எல்லா இடத்துலயும் ஐஆர்க்யூசேவ் போடும், நிம்மதி.

குளச்சல்_அலை:
"எல்லா இடத்துலயும்" - அதாக்கும் வம்பு. ஹேண்ட்லருக்குள்ள எதுக்கு ஓய்? கெர்னல் 2.6.35-லேர்ந்து ஹேண்ட்லர் ஓடும் கோர்ல இன்டரப்ட் ஏற்கெனவே அடைஞ்சுதான் இருக்கு.

பூ, கணக்கைப் பாரும். 1 பைட்டுக்கு 10 பிட், அதாவது 86.8 மைக்ரோசெகண்ட். ஃபைஃபோ (சிப்புக்குள்ள வரிசைப் பஃபர்) 16 பைட். டிரிகர் (எத்தனை பைட் சேர்ந்தா இன்டரப்ட் வரணும்ங்கிற அளவு) 14-ல இருந்தா, மிச்சம் 2 பைட்டுக்குத்தான் இடம். அடுத்தது, பிட் பிட்டா வாங்குற ஷிஃப்ட் ரெஜிஸ்டர்ல முழுசா வந்ததும் ஓவர்ரன். உமக்குக் கிடைக்கிறது 260 மைக்ரோசெகண்ட். பிரிண்ட்கே 115200 சீரியல் கன்சோலுக்குப் போனா, 80 எழுத்து வரி வெளியேறவே ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட்!

மார்த்தாண்டம்_தேன்:
எஸ்எம்பி_அஃபினிட்டில (எந்த கோர் இன்டரப்டைக் கவனிக்கணும்ங்கிற அமைப்பு) இன்டரப்டை வேற கோருக்குத் தள்ளினா?

குளச்சல்_அலை:
அந்தக் கோர்ல ஹேண்ட்லர் ஓடும், ஆனா பூட்டு வாசல்ல அதே 7 மில்லிசெகண்ட் நிக்கும். பைட் அப்பவும் விழும்.

மார்த்தாண்டம்_தேன்:
டிஸேபிள்_ஐஆர்க்யூ போட்டு அந்த இன்டரப்ட் லைனையே அணைச்சா?

பார்வதிபுரம்_பாலம்:
வேண்டாம் தம்பி. ஓடிட்டிருக்கும் ஹேண்ட்லர் முடியிறவரை அது காத்திருக்கும். ஹேண்ட்லர் கேக்கிற பூட்டைப் பிடிச்சுட்டுக் கூப்பிட்டா தொங்கல். லைன் பகிர்வுல இருந்தா பக்கத்து டிவைஸும் ஊமை.

அலைக்கு: பிரிண்ட்கே தப்பு, ஒத்துக்கிடுதேன். அது பூட்டோட குத்தமில்ல. ஐஆர்க்யூசேவுக்குப் பதிலா ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ போட்டா, அதோட ஸ்பின்_அன்லாக்_ஐஆர்க்யூ கண்ணை மூடிட்டு இன்டரப்டைத் திறந்துரும். கூப்பிட்டவன் ஏற்கெனவே அடைச்சு வெச்சிருந்தா அவன் பாடு அம்போ. சேவ் பழைய நிலையைத் திருப்பி வைக்கும். நாலு பேர் கை வைக்கிற டிரைவர்ல எவன் எங்கேர்ந்து கூப்பிடுவான்னு யாரு கண்டா?

குளச்சல்_அலை:
பொது ஃபங்ஷனுக்கு அது சரி. ரீட் எப்பவும் ப்ராசஸ் கான்டெக்ஸ்ட்தானே (நிரல் கூப்பிட்டு ஓடுறது, இன்டரப்ட்ல இல்ல), அங்கே ஐஆர்க்யூ போதும். சேவ்னு எழுதிட்டா, படிக்கிறவன் 'இது இன்டரப்ட்லேர்ந்தும் வரும் போல'ன்னு நினைச்சுக்கிடுவான்.

இதைவிடப் பெரிய ஓட்டை காப்பி_டு_யூசர். பேஜ் ஃபால்ட் ஆனா (யூசர் பக்கம் மெமரில இல்லேன்னா) தூங்க வேண்டி வரும். ஸ்பின்லாக்கோட தூங்கக் கூடாது. டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் (இந்தத் தப்பைப் பிடிக்கிற சோதனை) போட்டு கெர்னலை பில்ட் பண்ணும், ரீட் ஓடினதுமே கத்தும். பூட்டுக்குள்ள தற்காலிக பஃபருக்கு எடும், அவிழ்த்த பிறகு யூசருக்குக் கொடும். ஒரே எழுதுறவர், ஒரே வாசிக்கிறவர்னா கேஃபைஃபோவுக்கு (கெர்னல்ல ஏற்கெனவே இருக்கிற வரிசைப் பஃபர்) பூட்டே வேண்டாம்.

மார்த்தாண்டம்_தேன்:
6.12-லேர்ந்து ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (நிகழ்நேர கெர்னல் அமைப்பு) மெயின்லைன்லயே இருக்கு. அதுல ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் இன்டரப்டை அடைக்கவே அடைக்காதே, ரா_ஸ்பின்_லாக் வகைதான் அடைக்கும்.

பார்வதிபுரம்_பாலம்:
அதனாலதான் சேவ்ங்கேன். ரெண்டு கெர்னல்லயும் ஓடும்.

குளச்சல்_அலை:
ஐஆர்க்யூவும் ரெண்டுலயும் ஓடும் ஓய்.

தோவாளைப்பூ:
பிரிண்ட்கேயைத் தூக்கியாச்சு, காப்பியை வெளியே எடுக்கேன். அடைப்பு எவ்வளவு நேரம்னு எப்படி அளக்க?

பார்வதிபுரம்_பாலம்:
இன்டரப்ட் அடைஞ்சிருக்கும் நேரத்தை அளக்கிற ஐஆர்க்யூஸ்ஆஃப் ட்ரேசரைப் போட்டு, ட்ரேசிங்_மேக்ஸ்_லேட்டன்சில 0 எழுதி, தரவு நெரியிற நேரத்துல ஓட விடும். எண் மைக்ரோசெகண்ட்ல வரும். 260-ஐ நெருங்கினா டிரிகரை 8-க்கு இறக்கும். 781 கிடைக்கும், இன்டரப்ட் மட்டும் கூடும்.