வுல்வரினுக்கு முன்கதை தேவைப்பட்டதா?

நகக்கீறல்:
2009-இல் வந்த ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ படத்தை மறுபடி பார்த்தேன். எக்ஸ்-மென் பட வரிசையில், கையிலிருந்து நகம் நீளும் வுல்வரினின் முன்கதை அது. ஹியூ ஜாக்மன் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். கதைதான் காலை வாரிவிட்டது. தன் கடந்த காலம் தனக்கே தெரியாது என்பதுதான் வுல்வரினிடம் நம்மை இழுத்ததே. 2003-இல் வந்த இரண்டாம் எக்ஸ்-மென் படத்தில், அவன் எலும்பில் உலோகம் ஏற்றிய ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கர் அவனிடம் சொல்வார், நீ அன்றும் மிருகம்தான், நான் கொடுத்தது நகங்களை மட்டும்தான் என்று. அதைக் கேட்டு அவன் முகம் போகும் போக்கைப் பாருங்கள். நாம் எப்படிப்பட்ட பாவியாக இருந்தோமோ என்ற பயம் அதில் இருக்கிறது. இந்த முன்கதை வந்து, பயப்படாதே, நீ எப்போதும் நல்லவன்தான் என்று நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

கடைசி பெஞ்ச்:
நண்பரே, கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். அந்த டைட்டில் காட்சி ஒன்று போதாதா? அமெரிக்க உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், வியட்நாம் என்று லோகனும் (வுல்வரின்தான்) அவன் அண்ணன் விக்டரும் தோளோடு தோள் நின்று சண்டை போடுகிறார்கள். போருக்குப் போர் விக்டரின் வெறி ஏறிக்கொண்டே போகிறது, லோகன் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறான். ஒரு வசனம் கூட இல்லாமல் அண்ணன் தம்பி கதை முழுசாக வந்துவிடுகிறது. லீவ் ஷ்ரைபர் மாதிரி ஒரு விக்டர் இனி கிடைக்கவே மாட்டார்.

நகக்கீறல்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! அந்த நூறு வருடத்தைப் படமாக எடுத்திருக்கலாம். சில நிமிடங்களில் ஓட்டிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் புதுப்புது மியூட்டன்ட்டுகளை, அதாவது பிறவியிலேயே அதிசய சக்தி உள்ளவர்களை, கூட்டி வந்து அறிமுகம் செய்துகொண்டிருந்தார்கள். கேம்பிட் எதற்கு வந்தான், எதற்குப் போனான்?

வாள்வீச்சு:
டெட்பூலாக மாறும் வேட் வில்சனை விட்டுவிட்டீர்களே. லாகோஸ் நகரக் காட்சியில் அவனாக வரும் ரையன் ரெனால்ட்ஸ் வாளைச் சுழற்றித் துப்பாக்கிக் குண்டுகளைத் தட்டிவிடுவார், வாய் ஓயவே ஓயாது. கடைசியில் அதே ஆளின் வாயைத் தைத்து மூடிவிட்டார்கள். பேசிக்கொண்டே இருப்பதுதான் டெட்பூல், அதைப் பறித்தால் என்ன மிஞ்சும்? கையிலிருந்து நீளும் அந்த வாள்கள் வேறு. உள்ளே இருக்கும்போது முழங்கையை எப்படி மடக்குவான் என்று யாராவது யோசித்தார்களா தெரியவில்லை. 2018-இல் ‘டெட்பூல் 2’ முடிவில் ரெனால்ட்ஸ் காலத்தில் பின்னோக்கிப் போய் அந்தத் தைத்த வாய்க்காரனைச் சுட்டுத் தள்ளியபோதுதான் மனசு ஆறியது.

கடைசி பெஞ்ச்:
சரி, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே, கிராஃபிக்ஸ் முடியாத பிரதி இணையத்தில் கசிந்தது. வயர் தொங்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டுத்தான் பலர் படத்தைக் கழுவி ஊற்றினார்கள். அப்படியும் உலகம் முழுக்க சுமார் 37 கோடி டாலர் வசூல். மக்கள் பார்த்தார்களா இல்லையா?

வாள்வீச்சு:
முடிந்த பிரதி மட்டும் என்ன வாழ்ந்தது? அந்தக் குளியலறைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? புது உலோக நகங்களைத் தூக்கிப் பார்ப்பான், தெரியாத்தனமாக வாஷ்பேசினைப் பிளந்துவிடுவான். எழுதிய விதத்தில் நல்ல நகைச்சுவைக் காட்சிதான். ஆனால் நகங்கள் கையில் ஒட்டவே இல்லை, மேலே வரைந்து வைத்த மாதிரி மிதக்கின்றன. ஒன்பது வருடம் முன்னால் வந்த முதல் படத்தில் இதைவிட உண்மையாக இருந்தன. வசூல் ஜாக்மன் முகத்துக்கு வந்தது.

நகக்கீறல்:
நினைவு போன விதத்தைச் சொல்லுங்கள் முதலில். நெற்றியில் அடமாண்டியம் குண்டு, அவன் நகங்களில் இருக்கும் அதே உலோகம். மூளை ஆறிவிடும், நினைவு திரும்பாது என்று ஸ்ட்ரைக்கரே விளக்கம் சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறார். இத்தனை வருடம் காத்திருந்த மர்மத்துக்கு இதுதான் விடையா?

கடைசி பெஞ்ச்:
காமிக்ஸ் கதாபாத்திரத்திடம் மருத்துவ அறிக்கையா கேட்பீர்கள்? எனக்கு அந்த அண்ணன் தம்பி உறவு பிடித்திருந்தது. அதற்காகவே படத்தை மன்னிப்பேன்.

நகக்கீறல்:
அந்த உறவே 2000-இல் வந்த முதல் படத்தோடு ஒட்டவில்லையே. அதில் இரண்டு பேரும் மோதிக்கொள்கிறார்கள், முன்பின் தெரிந்த மாதிரியே இல்லை. லோகனுக்கு நினைவு போய்விட்டது, சரி. குண்டு விக்டர் நெற்றியில் பாயவில்லையே, அவன் ஏன் தம்பியைக் கண்டுகொள்ளவில்லை?