துட்டன்காமுன் கல்லறைப் படங்கள்: சாட்சியா, ஜோடனையா?

பாலைமணல்:
ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் கிரிஃபித் இன்ஸ்டிடியூட், எகிப்தின் லக்சர் அருகே பழங்கால அரசன் துட்டன்காமுனின் கல்லறையைத் தோண்டிய காலத்து ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தோண்டும் வேலையை நடத்திய ஹோவர்ட் கார்ட்டரின் டைரி, பொருள்வாரியாக எழுதிய அட்டைகள், ஹாரி பர்ட்டன் எடுத்த படங்கள் என்று பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. 1922 நவம்பர் 4-ஆம் தேதிக்கு அந்தச் சின்ன டைரியில் இருப்பது ஒரே வரிதான்: கல்லறையின் முதல் படிகள் கிடைத்தன. அவ்வளவு பெரிய நாளுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

தங்க முகமூடியை விட இந்த ஆவணங்கள்தான் அங்கே கிடைத்த பெரிய சொத்து என்பது என் கருத்து. மனிதன் எழுதும்போது கூட்டிக் குறைப்பான், படம் அப்படிச் செய்யாது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஆனந்தி:
இருக்கிறது பாலைமணல். முன்னறையின் வடக்குச் சுவரைக் காட்டும் படத்தைத் திரும்ப ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புக் காவல் சிலைகள் இரண்டு எதிரெதிராக நிற்கும், நடுவில் முத்திரை குத்திப் பூசிய சுவர். அந்தச் சுவரின் அடியில் கூடை மூடி ஒன்றும் கோரைப்புல்லும் சாத்தி வைத்திருக்கும். அரசன் காலத்திலிருந்தே அங்கே கிடப்பது போலத் தெரியும். ஆனால் அதன் பின்னால் இருப்பது ஓட்டை. கார்ட்டர், அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு, அவர் மகள் ஈவ்லின் எல்லோரும் 1922 நவம்பரிலேயே அது வழியாக ஊர்ந்து போய் உள்ளே இருந்த சவ அறையைப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் 1923 பிப்ரவரியில் விருந்தினர்களை உட்கார வைத்து, முதல்முறையாகத் திறப்பது போலச் சுவரை உடைத்தார்கள்.

இதைக் குழுவில் இருந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸே 1940-களில் எழுதினார். அதற்குள் கார்ட்டர் காலமாகிவிட்டார். உண்மையை மறைக்க எடுத்த படம் சாட்சி ஆகுமா?

பாலைமணல்:
ஆகும் என்றுதான் சொல்வேன். கூடையை வைத்தது கார்ட்டர். இருந்ததை இருந்தபடி பிடித்தது கேமரா. கார்ட்டரின் புத்தகத்தில் இந்த இடம் வழுக்கிக்கொண்டு போகிறது. படத்தில் கூடை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. லூகாஸ் எழுதியதைச் சரிபார்க்க இன்று நமக்கு வேறென்ன வழி?

வாத்தியார்:
இரண்டு பேரும் ஒரே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வேலை எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். முன்னறையில் மட்டும் ஏறத்தாழ 600, 700 பொருட்கள். கட்டில், பெட்டி, கழற்றிப்போட்ட தேர்ச் சக்கரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எதையும் அசைக்கும் முன் பக்கத்தில் எண் எழுதிய சின்ன அட்டையை வைத்து, கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார்கள். பர்ட்டன் உடனே வெளியே ஓடிப்போய், எதிரில் இருந்த காலிக் கல்லறையில் தகட்டைக் கழுவிப் பார்ப்பார். படம் சரியாக விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பொருள் நகரும். கல்லறை முழுவதையும் காலி செய்ய ஏறக்குறைய 10 வருடம் ஆனது.

அவர் இருட்டறையாகப் பயன்படுத்திய அந்தக் காலிக் கல்லறையின் கதை தெரியுமா? 1907-இல் தியடோர் டேவிஸ் என்ற அமெரிக்கப் பணக்காரரின் ஆட்கள் திறந்தது. எது எங்கே கிடந்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்காமல் அள்ளினார்கள். விளைவு, அதில் இருந்த உடல் யாருடையது என்று நூறு வருடத்துக்கு மேலாக அறிஞர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள். பதிவு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணமே தேவையில்லை. கார்ட்டர் நல்லவரா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம் உண்டு. அவருடைய அட்டைகளை மட்டும் நான் நம்புவேன்.

கபிலன்:
வாத்தியார் சார், 'பர்ட்டன் எடுத்தார்', 'கார்ட்டர் எழுதினார்' என்றே போகிறீர்களே, மண்ணைச் சுமந்தவர்கள் எங்கே? கார்ட்டர் தன் புத்தகத்தில் நான்கு மேஸ்திரிகளுக்குப் பெயர் சொல்லி நன்றி எழுதியிருக்கிறார்: அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத். சரி, படங்களில் இவர்கள் யார் யார்? அடையாளம் காட்ட முடியாது. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே இந்த ஆவணங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியபோது இந்தக் குறையை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பாசிமணிக்கும் எண் போட்ட குழு, தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளின் பெயரை எழுதவில்லை.

வண்டு வடிவப் பதக்கம் தொங்கும் கனத்த கழுத்தணி போட்ட பையன் படம் இருக்கிறதே, அதையும் பாருங்கள். 'அந்தப் பையன் நான்தான், முதல் படியைக் கண்டதும் நான்தான்' என்று ஹுசைன் அப்துல் ரசூல் என்பவர் லக்சரின் மேற்குக் கரையில் பல வருடம் சொல்லிவந்தார். கார்ட்டரின் டைரியில் பையனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாத்தியார்:
கபிலன் தம்பி, அந்தப் படம் கல்லறை கிடைத்துச் சில வருடங்கள் கழித்து எடுத்தது. முதல் படியைப் பார்த்த பையன் அவன்தான் என்பதற்கு அந்தக் குடும்பத்தின் பேச்சைத் தவிர ஆதாரம் கிடையாது. ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள்.

கபிலன்:
ஆதாரத்தை எழுதும் பேனா யார் கையில் இருந்தது சார்? அதைத்தானே கேட்கிறேன். 1923 ஜனவரியில் கார்னர்வன் லண்டன் டைம்ஸ் பத்திரிகையோடு ஒப்பந்தம் போட்டார். 5,000 பவுண்டு, மேற்கொண்டு லாபத்தில் 75 சதவீதம். எகிப்து பத்திரிகைக்காரர்கள் தங்கள் நாட்டில், தங்கள் அரசனின் கல்லறை வாசலில் வெயிலில் நின்றுவிட்டு, செய்திக்கு லண்டனைப் பார்க்க வேண்டியிருந்தது. பர்ட்டனின் நெகட்டிவ்கள் இன்றைக்கும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

ஆனந்தி:
கபிலன் சொல்வதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1925 நவம்பரில் டக்ளஸ் டெர்ரி, சாலே பே ஹம்தி என்ற இரண்டு மருத்துவர்கள் உடலைப் பரிசோதித்தார்கள். ஊற்றிய பிசின் இறுகி உடல் சவப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகமூடிக்குள் தலை சிக்கியிருந்தது. கடைசியில் உடலைத் துண்டு துண்டாகத்தான் எடுத்தார்கள். தலையைத் தனியாகப் பிரித்தார்கள். ஆனால் பர்ட்டனின் தலைப் படங்களில் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தைத் துணி மறைத்திருக்கும். தூங்குகிற இளைஞன் முகம் போல இருக்கும். 1968-இல் இங்கிலாந்திலிருந்து ஹாரிசன் குழு எக்ஸ்ரே எடுக்கப் போனபோதுதான் எவ்வளவு சிதைத்திருக்கிறார்கள் என்று வெளியுலகம் முழுதாகப் புரிந்துகொண்டது. 43 வருடம் அந்தத் துணி வேலை செய்திருக்கிறது. அரசனாக இருந்தாலும் அவனும் செத்துப்போன ஒரு பையன்தானே. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பாலைமணல்:
கஷ்டம் எனக்கும் உண்டு ஆனந்தி. ஆனால் அதே தொகுப்பில் அடுத்த வருடத்துப் படத்தையும் பாருங்கள். 1926-இல் உடலை மணல் தட்டில் அடுக்கித் திரும்ப வைக்கும் முன் எடுத்தது. தலையில் மணி கோத்த குல்லாய் இருக்கிறது, மார்பின் மேல் மணி ஆரம் இருக்கிறது. 1968-இல் திறந்தபோது இரண்டும் இல்லை, மார்பெலும்புகளும் இல்லை. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பர்ட்டன் படம் இல்லாவிட்டால் அந்தப் பழியும் கார்ட்டர் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஆனந்தி:
அது நியாயமான வாதம், ஏற்கிறேன். ஆனால் படமே எடுக்காமல் விட்டதற்கு என்ன சொல்வீர்கள்? தாமரைப் பூவிலிருந்து எழும்பும் அரசனின் மரத் தலை 1924-இல் எங்கே அகப்பட்டது? கார்ட்டர் கிடங்காக வைத்திருந்த வேறொரு கல்லறையில், ஒயின் பெட்டிக்குள். அரசாங்கக் குழு பூட்டைத் திறந்து கணக்கெடுக்கும்போதுதான் வெளிவந்தது. நுழைவுப் பாதை மண்ணில் கிடைத்தது என்று கார்ட்டர் விளக்கம் கொடுத்தார். முதல் அகழாய்வுப் பருவத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதைக் காணோம். 2010-இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே, அந்தக் கல்லறையிலிருந்து வந்தவை என்று 19 சிறு பொருட்களை எகிப்துக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்பதாலேயே பதிவேட்டுக்கு வெளியே எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிட முடியாது வாத்தியார் சார்.

வாத்தியார்:
அப்படி நான் நினைக்கவில்லை அம்மா. அந்தக் கணக்கெடுப்பில் பிடிபட்டதே பதிவேடு என்று ஒன்று இருந்ததால்தானே? டேவிஸ் கல்லறையில் காணாமல் போனது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியலே இல்லை.

கபிலன்:
ஒப்பிட இன்னொரு தரப்பின் காகிதமும் இருந்தால் நன்றாக இருக்கும் இல்லையா? பெரிய பிரமிடுகள் இருக்கும் கீசாவில் அது இருக்கிறது. அங்கே ரெய்ஸ்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தது முகம்மதானி இப்ராகிம் போன்ற எகிப்தியர்கள். குஃப்த் ஊரைச் சேர்ந்த மேஸ்திரிகள் அரபியில் தினக்குறிப்பும் எழுதினார்கள். அந்தக் குறிப்பேடுகளை மேஸ்திரி குடும்பத்தின் வாரிசுகளே பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். துட்டன்காமுன் கல்லறைக்கு அப்படி ஒன்று நம் கைக்கு வரவில்லை. ஆகவே பாலைமணல், ஆவணங்களைப் பாருங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது பாருங்கள். அடுத்த முறை முன்னறைப் படங்களோடு, வெளியே பெட்டிகளைச் சுமந்து போகும் வரிசையையும் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டி சுமந்த அந்த ஆட்களின், கல்லறைக்குப் பக்கத்துக் குர்னா ஊர்க்காரர்களின், பேரப்பிள்ளைகளிடம் ஆக்ஸ்ஃபோர்டும் நியூயார்க்கும் அந்த முகங்களைக் காட்டி, யார் என்று கேட்டு எழுத வேண்டும். தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.