மறு: திருக்கை மேயும் குழிக்குக் கலைச்சொல்

> "உணவூட்டக் குழி" என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. திருக்கை மீன் இரை தேடி மணலில் கிளப்பும் குழியை நம் தூண்டில் கையேட்டில் எப்படி அழைப்பது என்பதுதானே கேள்வி. ஊட்டுவது பிறர் செய்கிற வேலை. திருக்கை தானே தேடித் தின்கிறது. "இரைக்குழி"யும் சரிப்படாது, தூண்டில்காரருக்கு இரை என்றால் முள்ளில் கோப்பது. "திருக்கைக் குழி" என்றாலோ அது குடியிருக்கும் வளை என்று எண்ணிவிடுவார்கள்.

கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் நீலகிரிக்காரர்கள். அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்த காலந்தொட்டு இங்கே தூண்டில் என்றால் டிரவுட் மீன்தான். ஓடையின் நீரைப் பார்த்தே மீன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கடலோரத் திருக்கைக்குத் தரையைப் பார்க்க வேண்டும்.

திருக்கைக்குக் கண் முதுகுப்புறம், வாய் அடிப்புறம். தின்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. மணலுக்குள் கிடக்கும் சிப்பியையும் புழுவையும் மோப்பத்தாலும், அவற்றின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்புலத்தாலும் கண்டுகொள்கிறது. பிறகு மணலோடு படிந்து, செட்டையை அடித்து, வாயால் நீரைப் பீய்ச்சி மணலைக் கிளப்புகிறது. கழிமுகத்து மணல்திட்டில் நீர் வற்றியதும் ஆழமில்லாத வட்டக் குழிகள் தெரியும். விளிம்பு கூராக, பக்கத்தில் நொறுங்கிய சிப்பியோடு இருந்தால் புதியது. சரிந்து மழுங்கியிருந்தால் பழையது. புதியவை நெருங்கிக் கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு ஓதம் ஏறும்போது தூண்டில் போட வேண்டும். ஏறும் நீரோடு திருக்கையும் மேய வரும்.

என் பரிந்துரை: கிளறுகுழி. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் "ராத்திரி பன்றி கிளறிவிட்டது" என்று நாம் சொல்கிற அதே வினை. இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

> கிளறுவது அல்வாவை அல்லவா? "தோண்டுகுழி" போதாதா?

குழி என்றாலே தோண்டியதுதான் அம்மா. அந்த முன்னொட்டு புதிதாக எதையும் சொல்லவில்லை. கோழி குப்பையைக் கிளறும்போது யாரும் நெய்ச்சட்டியைத் தேடுவதில்லையே! வினைத்தொகையாக இருப்பதால் கிளறிய குழி, கிளறுகின்ற குழி இரண்டுக்கும் பொருந்தும். கிளறுதடம், கிளறுதிட்டு என்று நீட்டிக்கொள்ளவும் இடமிருக்கிறது.

மறுப்பு வராவிட்டால் படத்தின் கீழே "திருக்கையின் கிளறுகுழி" என்று போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன். வால்முள் பற்றிய பத்தியில், ஆழமில்லாத நீரில் இறங்குகிறவர்களுக்குக் "காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. மிதித்தால் திருக்கை குத்தும். காலின் அசைவு தெரிந்தால் விலகிப்போய்விடும். அந்த நடைக்கும் யாரேனும் கலைச்சொல் கேட்பீர்கள். தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள்.