இன்டரப்ட் கன்ட்ரோலர் டிரைவர் ரிவ்யூ: 24 தறியும் ஒண்ணா நின்னா 21, 22தான் பதிவாகுது

நகரி_தறிக்கூடம்:

வணக்கம். நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறிக் கூடங்கள்ல தறி நின்ன நேரத்தைக் குறிக்கிற பெட்டி இது. உள்ளே லினக்ஸ் ஓடுற 64 பிட் ஆர்ம் ப்ராசஸர், கூடவே ஒரு எஃப்பிஜிஏ (சர்க்யூட்டை நாமே எழுதிக்கிற சிப்). எஃப்பிஜிஏக்குள்ள நாங்களே எழுதின 32 லைன் இன்டரப்ட் கன்ட்ரோலர் (வெளியில ஒண்ணு நடந்தா ப்ராசஸரைக் கூப்பிடுற பகுதி) இருக்கு. லைன் 0 முதல் 23 வரை தறிகளோட நிறுத்த ரிலே, எல்லாம் எட்ஜ் (சிக்னல் மாறுற நொடியைப் பிடிக்கிறது). லைன் 28ல ஒரு யுஆர்ட் (சீரியல் போர்ட்), அது லெவல் (சிக்னல் ஏறி நிக்கிற வரைக்கும் கூப்பிடுறது). மொத்தமும் ஒரே கம்பியா, ப்ராசஸரோட இன்டரப்ட் கன்ட்ரோலரான ஜிஐசிக்குப் போகுது.

ரெஜிஸ்டர் மூணுதான். ஆஃப்செட் 0: நிலை, 1 எழுதினா அந்த பிட் அழியும். ஆஃப்செட் 4: எனேபிள். ஆஃப்செட் 8: வகை, 0 லெவல், 1 எட்ஜ்.

லினக்ஸ் கர்னலோட மூலக் கோடான மெயின்லைனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டிரைவரை ரிவ்யூ பண்ணித் தாங்க. முக்கியமான இடங்கள்:

அக் (இன்டரப்ட்டைப் பார்த்தாச்சுன்னு பிட்டை அழிக்கிறது): ரைட்எல்(ரீட்எல்(நிலை) | பிட்(எண்), நிலை)
மாஸ்க், அன்மாஸ்க் (லைனை மூடுறது, திறக்கிறது): ஸ்பின்_லாக் எடுத்து, எனேபிளைப் படிச்சு, பிட்டை மாத்தி, திரும்ப எழுதுது
செட்_டைப் (லைன் எட்ஜா லெவலான்னு அமைக்கிறது): எதைக் கேட்டாலும் 0 திருப்புது
எல்லா லைனுக்கும் ஹேண்டில்_லெவல்_ஐஆர்க்யூ (கர்னலோட லெவல் ஃப்ளோ)
செயின்ட் ஹேண்ட்லர் (ஜிஐசி கூப்பிட்டதும் எந்த லைன்னு பார்த்துப் பிரிச்சு விடுறது): நிலையை ஒரு தடவை யு32ல படிச்சு, அதை அன்சைன்ட் லாங் பாயின்டரா காஸ்ட் பண்ணி ஃபார்_ஈச்_செட்_பிட் சுத்துது

பிரச்சினை ரெண்டு. கரண்ட் ஒரு நொடி விட்டு வந்தா 24 தறியும் ஒண்ணா நிக்கும், பதிவாகுறது 21, 22தான். கரண்டால நின்ன நேரம் நெய்யறவங்க கூலிக் கணக்குல சேரணும், அதனால ஒண்ணுகூட விடக்கூடாது. ரெண்டாவது, சில சமயம் பூட் ஆகும்போதே பெட்டி உறைஞ்சுடுது, சீரியல்ல ஒரு வரிகூட வராது. அடுத்து ஆர்டி (ரியல் டைம்) கர்னலுக்கு மாறவும் எண்ணம் இருக்கு.

கொழிஞ்சாம்பாறை_சி:

எண்ணிக்கை விட்டுப்போறதுக்குக் காரணம் உங்க அக் வரி. 1 எழுதினா அழியும்னு சொன்ன ரெஜிஸ்டரைப் படிச்சு, ஆர் பண்ணி, திரும்ப எழுதக் கூடாது. அந்த நேரத்துல ஏறியிருக்கிற எல்லா பிட்டும் சேர்ந்து அழியும்.

எது தொலையுது, எது தொலையலைன்னு பாருங்க. செயின்ட் ஹேண்ட்லர் நிலையைப் படிக்கும்போது 5, 9 ரெண்டும் ஏறியிருந்தா ரெண்டும் கையில இருக்கு. 5க்கான அக் 9ஐயும் அழிச்சாலும், சுத்து 9க்கு வரும்போது அதோட ஹேண்ட்லர் ஓடிடும். தொலையுறது அந்தப் படிப்புக்கு அப்புறம் ஏறுற பிட். 5ஓட ஹேண்ட்லர் ஓடிட்டிருக்கும்போது 14 ஏறுச்சுன்னு வைங்க. அடுத்து 9க்கு அக் பண்ணும்போது 14ம் சேர்ந்து துடைச்சுப் போயிடும், அதை யாரும் பார்த்திருக்கவே மாட்டாங்க. அதாவது ஆபத்தான இடைவெளி முதல் படிப்புல தொடங்கி, அந்தச் சுத்தோட கடைசி அக் வரைக்கும் நீளுது. தனித்தனியா தறி நிக்கும்போது இது தெரியாது. கரண்ட் போனா 24 ரிலேயும் சில மில்லிசெகண்டுக்குள்ள வரிசையா விடும், அங்கதான் மாட்டுது. ரிலே காண்டாக்ட் துள்ளுறதால சுத்து இன்னும் கூடும். துள்ளலை டிரைவர்ல அடக்கப் பார்க்காதீங்க, எஃப்பிஜிஏல சில மில்லிசெகண்ட் ஃபில்டர் போடுங்க.

சரியான அக்: ரைட்எல்(பிட்(எண்), நிலை). அவ்வளவுதான், லாக்கும் வேண்டாம்.

எனேபிளுக்கு ஹார்ட்வேர் உங்க கையில இருக்கு, அதனால ஏத்த ஒரு ரெஜிஸ்டர், இறக்க ஒரு ரெஜிஸ்டர்னு பிரிச்சுடுங்க. ஸைலிங்க்ஸோட ஏஎக்ஸ்ஐ இன்ட்சிங்கற இன்டரப்ட் கன்ட்ரோலர் அப்படித்தான் வெச்சிருக்கு. படிச்சு மாத்தி எழுதுற வேலையே இல்லாமப் போகும். முடியலைன்னா எனேபிள் மதிப்பை டிரைவர்லயே ஒரு வேரியபிளா வெச்சுக்கோங்க. மாஸ்க் எழுதினதும் எனேபிளை ஒரு தடவை திரும்பப் படிங்க. எழுத்து பஸ்ல தேங்கி நின்னா ஜிஐசிக்கு இஓஐ (இன்டரப்ட் வேலை முடிஞ்சதுன்னு சொல்றது) முந்திப் போய், வெறும் இன்டரப்ட் ஒண்ணு வரும்.

அடுத்து லைன் 28. ஹேண்டில்_லெவல்_ஐஆர்க்யூ முதல்ல மாஸ்க்கும் அக்கும் பண்ணிட்டுத்தான் டிவைஸ் ஹேண்ட்லரைக் கூப்பிடும். அக் பண்ற நேரத்துல யுஆர்ட் லைனை இன்னும் பிடிச்சுட்டுத்தான் இருக்கும். உங்க கன்ட்ரோலர் லெவலையும் லேட்ச் பண்ணுதுன்னா (பிடிச்சு வெச்சுக்குதுன்னா) பிட் உடனே திரும்ப ஏறும், வேலை முடிஞ்சு அன்மாஸ்க் ஆனதும் ஹேண்ட்லர் ஒரு தடவை வெட்டியா ஓடும். ஸைலிங்க்ஸ் டிரைவர் இதே காரணத்துக்காக லெவல் லைனுக்கு அன்மாஸ்க்குள்ள அக் எழுதுது. அதைப் பார்த்து எழுதலாம்.

ஒரு கேள்வி: மாஸ்க் பண்ணியிருக்கும்போது வர்ற எட்ஜ் நிலையில ஏறுமா? ஏறாதுன்னா லெவல் ஃப்ளோவுல ஒவ்வொரு தடவையும் நீங்க காது பொத்திக்கிறீங்க. அக்கைச் சரி பண்ணினாலும் எண்ணிக்கை சேராது.

ஆரம்பாக்கம்_ஆர்டி:

பூட்ல உறையுறதுக்கு நான் வர்றேன். பவரை நிறுத்திப் போட்டா வருதா, ரீபூட் பண்ணும்போது மட்டும் வருதான்னு பாருங்க. ரீபூட்ல எஃப்பிஜிஏ ரீசெட் ஆகலைன்னா பழைய எனேபிள் பிட்டெல்லாம் அப்படியே இருக்கும். இந்த பூட்ல இன்னும் மேப்பிங் உருவாகாத லைன் ஒண்ணு கத்திக்கிட்டே இருந்தா, அதை அக் பண்ண ஆள் இல்ல. ஹேண்ட்லர் முடிஞ்ச நொடியே ஜிஐசி திரும்பக் கூப்பிடும்.

சாதாரண இன்டரப்ட்டா இருந்தா 1,00,000 தடவையில 99,900க்கு மேல யாரும் கவனிக்கலைன்னா கர்னல் "நோபடி கேர்ட்"ன்னு சொல்லி அந்த லைனை மூடிடும். செயின்ட் ஹேண்ட்லருக்கு அந்தக் காவல் கிடையாது, அந்தக் கணக்குக்குள்ளயே அது வராது. அதனாலதான் ஒரு வரிகூட இல்லாம சிபியு மாட்டிக்குது.

ப்ரோப் (டிரைவர் தொடங்குற ஃபங்ஷன்) வரிசை இப்படி இருக்கணும்: எனேபிளுக்கு 0, நிலைக்கு 32 பிட்டும் 1, அப்புறம் டொமைன் (லைன் எண்ணைக் கர்னலோட இன்டரப்ட் எண்ணோட சேர்க்கிறது), எல்லாத்துக்கும் கடைசியாத்தான் ஐஆர்க்யூ_செட்_செயின்ட்_ஹேண்ட்லர்_அண்ட்_டேட்டா. ஹேண்ட்லருக்குள்ள நிலையை எனேபிளோட ஆண்ட் பண்ணிட்டுச் சுத்துங்க. ஜெனரிக்_ஹேண்டில்_டொமைன்_ஐஆர்க்யூ திருப்புற மதிப்பைத் தூக்கிப் போடாதீங்க. பிழை வந்தா அந்த பிட்டை மாஸ்க் பண்ணி, ரேட்லிமிட்டோட ஒரு வரி எழுதுங்க. செயின்ட்_ஐஆர்க்யூ_என்டர், எக்ஸிட் ரெண்டும் இருக்கணும், இல்லைன்னா ஜிஐசிக்கு இஓஐ போகாது.

ஜிஐசிக்குப் போற பேரன்ட் இன்டரப்ட்டை ஐஆர்க்யூ_ஆஃப்_பார்ஸ்_அண்ட்_மேப்ல எடுத்தா தோல்விக்கு அது 0 திருப்பும், நெகடிவ் இல்ல. "0க்குக் கீழேயா"ன்னு சோதிக்கிற டிரைவர் நிறைய வருது, உங்களோடதையும் பாருங்க.

ஆர்டிக்கு: ஸ்பின்_லாக் அங்க தூங்கக்கூடிய லாக்கா மாறிடும். மாஸ்க், அன்மாஸ்க் எல்லாம் கர்னலோட ரா லாக்குக்குள்ள இருந்து கூப்பிடப்படுது, அங்க தூங்க முடியாது. ரா_ஸ்பின்லாக் மட்டும்தான். 2024ல வந்த 6.12 முதல் ஆர்ம்64க்கு ஆர்டி மெயின்லைன்லயே இருக்கு, ஆர்டி எனக்கு வேண்டாம்னாலும் ரிவ்யூவுல இதைக் கேப்பாங்க. ப்ரூவ்_ரா_லாக்_நெஸ்டிங் போட்டு பில்ட் பண்ணா சாதாரண கர்னல்லயே இது வெளிய வரும்.

அந்த யு32 காஸ்ட்டும் தப்பு. 4 பைட் வேரியபிள்ல இருந்து 8 பைட் படிக்குது. லிட்டில் எண்டியன்ல விடை சரியாவே வரும், அதனால யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. கர்னல்ல மெமரி பிழையைப் பிடிக்கிற கேசான் போட்டா கத்தும். வேரியபிளையே அன்சைன்ட் லாங்கா அறிவிச்சுடுங்க.

நகரி_தறிக்கூடம்:

ரொம்ப நன்றி அண்ணா. உறையுறது ரீபூட்ல மட்டும்தான், பவரை நிறுத்திப் போட்டா 20 தடவையும் சரியா வருது. எஃப்பிஜிஏ எழுதின தம்பி கிட்டக் கேட்டேன், மாஸ்க்குக்கு முன்னாடியே லேட்ச் இருக்கு, எட்ஜ் ஏறும்னு சொல்றார். செட்_டைப்ல என்ன எழுதணும்? தறி நின்னதும், திரும்ப ஓடினதும் ரெண்டுமே வேணும். ஒரு எட்ஜ் வந்ததும் போலாரிட்டியைத் திருப்பிப் போட்டுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை_சி:

போலாரிட்டி திருப்புற வித்தை வேண்டாங்க. லைனைப் படிச்சதுக்கும் திருப்பினதுக்கும் நடுவுல ரிலே மாறிட்டா, தப்பான எட்ஜுக்காகக் காத்துக்கிட்டே நிப்பீங்க. எஃப்பிஜிஏல ஏறுறதுக்கு ஒரு லேட்ச், இறங்குறதுக்கு ஒரு லேட்ச் தனியா போடச் சொல்லுங்க.

செட்_டைப்: எட்ஜ்னா வகை பிட்டை ஏத்தி, ஐஆர்க்யூ_செட்_ஹேண்ட்லர்_லாக்ட் வழியா ஹேண்டில்_எட்ஜ்_ஐஆர்க்யூ. லெவல் ஹைன்னா பிட்டை இறக்கி லெவல் ஃப்ளோ. வகையை மாத்தினதும் அந்த லைனுக்கு ஒரு அக், பழைய லேட்ச் மிச்சம் இருக்கக் கூடாது. ஹார்ட்வேரால முடியாததுக்கு மைனஸ் ஈஇன்வால் (தப்பான மதிப்புங்கற பிழை எண்). இப்ப எல்லாத்துக்கும் 0 திருப்புறதால டிவைஸ் ட்ரீயில (ஹார்ட்வேரை விவரிக்கிற ஃபைல்) தப்பா எழுதினவருக்குத் தப்புன்னே தெரியாது.

லேட்ச் மாஸ்க்குக்கு முன்னாடி இருக்குங்கறது நல்லது. ஆனா ஒரே லைன்ல அக்குக்கு முன்னாடி ரெண்டு எட்ஜ் வந்தா அது ஒரே பிட்தான், எந்த டிரைவராலயும் பிரிக்க முடியாது. கூலிக் கணக்குக்கு உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கைன்னா, லைனுக்கு ஒரு 16 பிட் கவுன்டர் எஃப்பிஜிஏல வைங்க. இன்டரப்ட் எழுப்பி விட மட்டும், எண்ணுறது ஹார்ட்வேர். அப்ப இரண்டு நிறுத்தம் ஒட்டி வந்தாலும் நெய்யறவங்களுக்குச் சேர வேண்டியது சேரும்.

ஆரம்பாக்கம்_ஆர்டி:

சோதனைக்கு ஒரு வழி. எஃப்பிஜிஏல ஒரு டெஸ்ட் ரெஜிஸ்டர் வெச்சு, 24 லைனையும் 1 மைக்ரோசெகண்ட் இடைவெளியில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா தட்டுங்க. ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் 10 மில்லிசெகண்ட் விடுங்க, இல்லைன்னா ஒரே லைனோட எட்ஜுகள் ஒண்ணாயிடும். 10,000 சுத்து முடிஞ்சு ப்ராக் இன்டரப்ட்ஸ்ல (கர்னலோட இன்டரப்ட் எண்ணிக்கைப் பட்டியல்) ஒவ்வொரு லைனும் சரியா 10,000 கூடியிருக்கணும். பழைய அக் வரியோட ஒரு தடவை, புதுசோட ஒரு தடவை ஓட்டுங்க. பழசுல குறையலைன்னா சோதனையே இடைவெளியைத் தொடலைன்னு அர்த்தம், தட்டுற இடைவெளியை மாத்திப் பாருங்க. டிபக்எஃப்எஸ் (கர்னலோட பிழை தேடுற ஃபைல்கள்) வழியா "ட்ரிகர்" எழுதுறது இதுக்கு உதவாது, அது உங்க நிலை ரெஜிஸ்டர்ல பிட்டை ஏத்தாது.

பேட்ச் அனுப்பும்போது பைண்டிங் யாம்ல் (டிவைஸ் ட்ரீயில எப்படி எழுதணும்னு சொல்ற ஃபைல்) முதல் பேட்ச், டிரைவர் ரெண்டாவது. டிடி_பைண்டிங்_செக் ஓட்டிட்டு அனுப்புங்க.