பட்டுப்புழுப் பொடி: புழு தின்ற தீவனம் எவ்வளவு முக்கியம்?

மல்லேசுவரம்வாசி: பெங்களூரில் சத்துமாவுத் தொழில் தொடங்க எண்ணியுள்ளேன். ராமநகரத்தில் பட்டு நூல் எடுத்தபின் மலிவாகக் கிடைக்கும் கூட்டுப்புழுவும், இலை தின்னும் பருவத்திலேயே உலர்த்திய புழுப்பொடியும் ஒன்றுதானா? சர்க்கரை நோய்க்கு நல்லது என்னும் பேச்சு இரண்டுக்கும் பொருந்துமா?

முன்னாள் பட்டு விரிவாக்க அலுவலர்: பொருந்தாது ஐயா. அந்தப் பேச்சுக்கு அடிப்படை டிஎன்ஜே எனப்படும் டிஆக்ஸிநோஜிரிமைசின்; மாவுச்சத்தைக் குடலில் குளுக்கோஸாக உடைக்கும் நொதியைத் தடுக்கும் இச்சேர்மம் மல்பெரி இலையின் பாலில் மிகுந்திருப்பதால், இலையைத் தின்னும் புழுவின் உடலிலும் அது சேர்கிறது. கொரியாவில் ஐந்தாம் பருவத்தின் (கூடு கட்டுமுன் புழு இலை தின்னும் கடைசி வளர்ச்சிப் பருவம்) மூன்றாம் நாள் புழுவை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்குவதற்குக் காரணமும் இதுவே. கூடு கட்டும் நேரத்தில் டிஎன்ஜே அளவு குறைந்துவிடுகிறது. மல்பெரி குறைந்த செயற்கைத் தீவனத்தில் வளர்ந்த புழுவில் புரதம் இருக்கும், டிஎன்ஜே பெயரளவுக்கே இருக்கும். ஆமணக்கிலை தின்னும் ‘எரி’ என்னும் வேறு வகைப் பட்டுப்புழுவிடமும் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நூல் எடுப்பவர் மகள்: கூட்டுப்புழுவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்; அதன் எண்ணெயில் ஒமேகா-3 வகையான ஆல்பா லினோலெனிக் அமிலம் நிறைய உண்டு. ஆனால் வெந்நீரிலிருந்து எடுத்ததை ஈரத்தோடு குவித்து வைத்தால் கருத்து, சிக்கு வாடை அடித்துவிடும், அந்த வாடையை எந்த ஏலக்காயாலும் மறைக்க முடியாது.

மருந்தாளுநர்: நீரிழிவு மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இப்பொடியை உண்ணக் கூடாது. பட்டுப்புழு ஒவ்வாமை கடுமையாகவும் அமையலாம் என்பதால், எச்சரிக்கையை உறையின் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள்.